மைல் இருக்கிறது, இருக்கை இருக்கிறதா?

அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனங்கள் மைல் அல்லது புள்ளி என்ற பெயரில் கணக்கு வைத்துக் கொடுக்கின்றன. போதுமான மைல் சேர்ந்ததும் அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். வரியும் சில கட்டணங்களும்தான் கைக்காசு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதத்தில் இந்த ஏற்பாட்டைப் பெரிய அளவில் தொடங்கி வைத்தது. ஏர் இந்தியாவின் மைல் திட்டமான ‘ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ்’ 2025இல் ‘மகாராஜா கிளப்’ என்று பெயர் மாறியது. இன்று பறக்காமலேயே மைல் சேர்க்கவும் வழி இருக்கிறது. மளிகைக்கும் மருந்துக்கும் கிரெடிட் கார்டைத் தேய்த்துச் சேர்ந்த புள்ளிகளைப் பல வங்கிகள் மைலாக மாற்றித் தருகின்றன.

இப்படிச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் கண் வைப்பது பிசினஸ் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ் இருக்கைகள் மீது. அதற்குக் காரணம் சொகுசு மட்டுமல்ல. நெடுந்தூர விமானத்தில் பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எகானமியைப் போல நான்கைந்து மடங்கு விலை போகும். மைலில் கேட்டால் பல நேரம் இரண்டு, மூன்று மடங்கோடு நின்றுவிடும். ஒரு மைலுக்கு அதிகப் பெறுமானம் முன்பக்கத்தில்தான் கிடைக்கிறது. ஆனால் அங்கே இடமே குறைவு. ஏர் இந்தியாவின் ஏ350 விமானத்தில் 316 இருக்கைகள். பிசினஸ் கிளாஸில் 28. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ380 விமானத்தில் 471 பேர் உட்காரலாம். அதன் உச்ச வகுப்பான சூட்ஸில் 6 பேருக்குத்தான் இடம்.

அந்தச் சில இடங்களும் மைல்காரர்களுக்கு மொத்தமாகத் திறந்திருப்பதில்லை. ரயிலில் முன்பதிவு செய்து பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வண்டியில் பெர்த் காலியாக இருந்தாலும், தருமபுரிக்கு ஒதுக்கிய கோட்டா தீர்ந்திருந்தால் தருமபுரியில் ஏறுகிறவருக்கு வெயிட்டிங் லிஸ்ட்தான். விமானத்திலும் ஒரே வரிசையில் இருக்கும் ஒரே மாதிரி இருக்கைகள் கணினியில் வெவ்வேறு எழுத்துகளின் கீழ் பிரிந்து கிடக்கின்றன. பிசினஸ் கிளாஸில் ஜே, சி, டி, இசட் போன்றவை காசுக்கு விற்கும் எழுத்துகள். ஸ்டார் அலையன்ஸ் கூட்டணி நிறுவனங்கள் பலவற்றில் மைல் டிக்கெட்டுக்கு உரியது ‘ஐ’. ‘ஐ’யில் பூஜ்யம் என்றால், பத்து இருக்கை காலியாகத் தெரிந்தாலும் மைலுக்குக் கிடைக்காது.

எத்தனை இருக்கையை ‘ஐ’யில் போடுவது என்பதை வருவாய்க் கணக்குப் பிரிவு முடிவு செய்கிறது. இந்தக் கணக்கின் அடிப்படையை பிரிட்டனின் பிஓஏசி நிறுவனத்தில் இருந்த கென் லிட்டில்வுட் 1972இல் வகுத்தார். ஓர் இருக்கையைக் காசுக்கு விற்றால் 2 லட்சம் ரூபாய், மைலுக்குக் கொடுத்தால் நிறுவனத்துக்கு 40,000 ரூபாய் அளவே பெறுமானம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கடைசி இருக்கை முழு விலைக்குப் போக ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு இருந்தாலே, அதை மைல்காரருக்குக் கொடுக்காமல் காத்திருப்பது லாபம். கம்பெனிச் செலவில் பறப்பவர்கள் பயணத்துக்குச் சில நாள் முன்புதான் டிக்கெட் எடுக்கிறார்கள். ஆகவே அந்தக் காத்திருப்பு புறப்பாட்டை நெருங்கும் வரை நீள்கிறது. பொங்கல், கோடை விடுமுறை, டிசம்பர் ஆகிய காலங்களில் முன்பக்கம் காசுக்கே நிறைந்துவிடும். கூடுதல் பணம் கட்டி எகானமியிலிருந்து முன்னே வரும் பயணிகளும் இதே இருக்கைகளுக்குப் போட்டி.

இதனால் மைல் இருக்கை இரண்டு பருவங்களில் கண்ணில் படுகிறது. முதலாவது, விற்பனை திறக்கும் நாள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது என்றால், பிரிட்டிஷ் ஏர்வேஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்றவை ஏறக்குறைய 355 நாளுக்கு முன்பே திறந்துவிடுகின்றன. நெடுந்தூர விமானம் ஒவ்வொன்றிலும் பிசினஸ் கிளாஸில் குறைந்தது 4 இருக்கையை மைலுக்கு விடுவதாக பிரிட்டிஷ் ஏர்வேஸ் உறுதி கூறியிருக்கிறது. இப்படி எண்ணிக்கையை வெளிப்படையாகச் சொல்வது பாராட்ட வேண்டிய செயல். மற்ற நிறுவனங்களும் சொல்ல வேண்டும். இரண்டாவது பருவம் கடைசி இரண்டு வாரம். விற்காது என்று தெரிந்த இருக்கையை அப்போது மைலுக்கு அவிழ்த்துவிடுவார்கள். லுஃப்தான்சாவின் ஃபர்ஸ்ட் கிளாஸ், கூட்டணியின் பிற நிறுவன உறுப்பினர்களுக்குப் பல ஆண்டுகளாக இந்தக் கடைசி நாட்களில்தான் கிடைத்து வந்தது. தனி ஆள் இப்படிப் போய்விடலாம். பள்ளி விடுமுறையைப் பார்த்துப் புறப்படும் நால்வர் குடும்பத்துக்கு இது உதவாது. கடைசி நேரத்தில் ஒரே விமானத்தில் நான்கு பிசினஸ் கிளாஸ் மைல் இருக்கை அமைவது அரிது.

கூட்டணி என்பதும் முழுக் கதவு அல்ல. ஏர் இந்தியா 2014 ஜூலையில் ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்ததால், அதன் புள்ளிகளைக் கொண்டு லுஃப்தான்சாவிலோ சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலோ பறக்க வழி பிறந்தது. ஆனால் நல்ல இருக்கையைச் சொந்த உறுப்பினருக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் பிறருக்கு விடுவது இந்தத் தொழிலின் வழக்கம். அமெரிக்காவில் டெல்டா 2015இலும் யுனைடெட் 2019இலும் மைல் விலைப்பட்டியலையே எடுத்துவிட்டன. அங்கே இருக்கை கிடைக்கும். விலைதான் நாளுக்கு நாள் மாறும்.

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி போன்ற ஊரிலிருந்து புறப்படுபவருக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. தருமபுரி வந்து தேசிய நெடுஞ்சாலை 44ஐப் பிடித்தால் கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக பெங்களூரு. அந்த நகரைத் தாண்டி வடக்கே தேவனஹள்ளியில் விமான நிலையம். கிருஷ்ணகிரியில் பிரிந்தால் வேலூர் வழியாக சென்னை. இவற்றைவிட அருகிலுள்ள சேலம் விமான நிலையத்தில் உள்நாட்டுச் சிறு விமானங்கள் மட்டுமே. பெங்களூருவில் பூஜ்யம் காட்டும் தேதியில் சென்னையில் இரண்டு இருக்கை இருக்கலாம். இரண்டு ஊரையும் தேடிப் பார்ப்பவருக்கு வாய்ப்பு இரட்டிப்பு.

மைலைப் பல ஆண்டு பூட்டி வைப்பது நல்லதல்ல. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று கடைசியாகப் பறந்தது. அந்த மைல்களுக்கு உரிய விமானங்களே இல்லாமல் போயின. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது புள்ளிகள் அப்படியே புதிய கணக்குக்கு வந்தது உறுப்பினர்களின் நல்ல காலம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு ஆயுள் மூன்று ஆண்டு.

கார்டுப் புள்ளிகளை மைலாக மாற்றிவிட்டால் பொதுவாகத் திரும்ப வாங்க முடியாது. ஆகவே போக வேண்டிய தேதியில் மைல் இருக்கை திரையில் தெரிந்த பிறகே மாற்றுங்கள். மாற்றிய மைல் கணக்கில் ஏறச் சில நாள் பிடிக்கலாம் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.