ஒளியும் மொழியும்: மலாக்காப் போர்த்துகீசியக் குடியிருப்பின் கிறிஸ்துமஸ் மரபு

டிசம்பர் மாதத்தில் பொழுது சாய்ந்ததும், மலாக்கா உஜோங் பாசிரில் உள்ள போர்த்துகீசியக் குடியிருப்பின் தெருக்கள் ஒளிவெள்ளத்தில் திளைக்கின்றன. கூரை விளிம்பு, வேலி, முற்றத்து மரம் என எங்கும் மின்விளக்குச் சரங்கள்; வாயில்களில் இயேசு பிறந்த குடில்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் எல்லா இனத்தாரும் இதனைக் காண வருகின்றனர். இது கடைத்தெருவில் வணிகர் செய்யும் அலங்காரம் அன்று. ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டைத் தானே அணிசெய்யும் மரபு.

இம்மரபுக்குப் பின்னே நெடிய வரலாறு உண்டு. 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர், 1641-இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆட்சி அகன்றது, ஆயினும் ஆசிய மக்களோடு கொண்ட மணவுறவால் தோன்றிய வழித்தோன்றல்களும், அவர்தம் கத்தோலிக்கச் சமயமும், கிறிஸ்தாங் மொழியும் நிலைத்தன. சிதறி வாழ்ந்த ஏழை மீனவக் குடும்பங்களை ஓரிடத்தில் குடியமர்த்த வேண்டும் எனப் பாதிரியார் இருவர் முயன்றதன் பயனாக, 1930-களில் இக்குடியிருப்பு உருவாயிற்று. ஜூன் 23 இரவு, புனித யோவான் திருநாளை முன்னிட்டு வீட்டு முன்றில்களில் மெழுகுவத்தி ஏற்றுவதும் இவர்தம் வழக்கம். ஆகவே, வாயிலில் ஒளியேற்றித் திருநாளை வரவேற்பது இவர்களுக்குப் புதிதன்று.

இவ்விழாவில் தமிழ் மாணவர் கருத வேண்டிய செய்தியொன்று உண்டு. கிறிஸ்தாங் மக்கள் ஒருவரையொருவர் 'போங் நாத்தால்' என வாழ்த்துகின்றனர். 'நாத்தால்' என்பது கிறிஸ்து பிறப்பு விழாவைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல். இலங்கைத் தமிழர் வழங்கும் 'நத்தார்' என்பதும் அச்சொல்லின் வழிவந்ததே. நாம் நாள்தோறும் பயன்படுத்தும் சன்னல், மேசை, சாவி, அலமாரி ஆகியவையும் போர்த்துகீசியம் தந்தவையே. மலாய் மொழியின் 'மெஜா', 'ஜெண்டேலா' ஆகியவற்றுக்கும் மூலம் அதுவே. ஒரே கடல்வழி மூன்று மொழிகளுக்கும் சொற்களைக் கொண்டுவந்தது.

எனினும், விளக்குகள் பெருகிய அளவுக்கு மொழி பெருகவில்லை. பெரும்பாலும் போர்த்துகீசியச் சொற்களையும் மலாய் இலக்கணச் சாயலையும் கொண்ட கிறிஸ்தாங், இன்று அழிவின் விளிம்பில் உள்ள மொழிகளுள் ஒன்று. இளையோர் பலர் ஆங்கிலத்தையும் மலாயையுமே வீட்டில் பேசுகின்றனர். முதியோரிடம் உள்ள சொற்கள் பேரப்பிள்ளைகளைச் சென்றடையாமல் நின்றுவிடுகின்றன. இதனை உணர்ந்து, அச்சமூகத்தாருள் சிலர் மொழி வகுப்புகள் நடத்தியும் நூல்கள் எழுதியும் வருகின்றனர்.

மாணவர்களை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், விளக்குகளைக் காட்டுவதோடு நின்றுவிடலாகாது. அவ்வீட்டாரின் வாழ்த்தை அவர்தம் மொழியிலேயே சொல்லப் பழக்குதல் நன்று. பழுதான விளக்குச் சரத்தை மறு ஆண்டே மாற்றிவிடலாம். ஒரு தலைமுறை பேசாது விட்ட மொழியை அவ்வாறு மீட்டல் எளிதன்று. சிறுபான்மையராய் வாழ்ந்து தம் மொழியைக் காத்துவரும் நமக்கும் இவ்வுண்மை பொருந்தும்.