கணிதத் தருக்கத்தின் முதற்படி

தருக்கம் என்ற சொல்லைக் கேட்டதும், இருவர் எதிரெதிரே அமர்ந்து வாதிடும் காட்சியே நம்மிற் பலருக்கு நினைவில் எழுகின்றது. ஆயின், ஒரு கூற்றிலிருந்து மற்றொரு கூற்றுத் தப்பாமற் பெறப்படுமா என்று ஆராய்வதே தருக்கநூலின் பணி. அவ்வாராய்ச்சியைக் குறிகளைக் கொண்டு கணக்குப்போலச் செய்வது கணிதத் தருக்கம்.

ஐதராபாத்திலும் சிகந்தராபாத்திலும் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று கணிப்பொறிக் கல்வியை நாடுகின்றனர். அக்கல்வியின் வாயிலிலேயே இப்பாடம் அவர்களை எதிர்கொள்கின்றது. வீட்டில் தமிழ், வீதியில் தெலுங்கும் தக்கணி உருதுவும், வகுப்பில் ஆங்கிலம் என வளரும் பிள்ளை, குறிகளை மனப்பாடம் செய்துவிட்டுப் பொருளை நழுவ விடுதல் எளிது. நாம் நாள்தோறும் பேசும் தமிழ் வாக்கியங்களிலிருந்தே தொடங்கினால் இவ்விடரைத் தவிர்க்கலாம்.

தருக்கம் தமிழுக்குப் புதியதன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில், அறவண அடிகள் மணிமேகலைக்குப் பக்கம், ஏது, திட்டாந்தம் முதலிய அளவை உறுப்புக்களை விளக்குகின்றார். மலையிற் புகை தோன்றுதலால் அங்கே நெருப்பு உண்டு என்று துணிவது பழைய நூல்கள் பலவும் காட்டும் உதாரணம். புகை உண்டானால் நெருப்பு உண்டு என்பது சரி. அதனைத் திருப்பி, நெருப்பு உண்டானால் புகையும் உண்டு என்னலாமோ? ஆகாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. 'ஆனால்' என்று இணைத்த கூற்றைத் தலைகீழாக்கக் கூடாது என்பது தொடக்க மாணவர் அறிய வேண்டிய முதற் பாடம்.

இரண்டாம் பாடத்துக்குப் பெயர் தந்தவர் மதுரையிற் பிறந்தவர். அகஸ்டஸ் டி மார்கன் என்னும் அவ்வறிஞர், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அலுவல் பார்த்த ஆங்கிலேயர் ஒருவரின் மகனாக 1806இல் அந்நகரிற் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1828இல் இலண்டனில் கணிதப் பேராசிரியரானார். அவருடைய தருக்கநூலும், ஜார்ஜ் பூல் என்பாரது முதல் தருக்கநூலும் 1847ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. கணிதத் தருக்கம் தனித்துறையாக வளர்ந்ததற்கு அவ்விரண்டும் அடிப்படையாயின.

டி மார்கன் விதி யாது? 'கண்ணனும் வந்தான், முருகனும் வந்தான்' என்று ஒருவர் கூறுகின்றார். அதனை மறுக்க வேண்டும். 'கண்ணனும் முருகனும் வரவில்லை' என்று சொல்லத் தோன்றும். ஆயின், தமிழில் அதற்கு இருவருமே வரவில்லை என்பது பொருள். அஃது அளவுக்கு மிஞ்சிய மறுப்பு. 'கண்ணன் வரவில்லை, அல்லது முருகன் வரவில்லை' என்பதே சரியான மறுப்பு. ஒன்றை மறுக்குங்கால் 'உம்' என்பது 'அல்லது' ஆகும். 'அல்லது' என்பது 'உம்' ஆகும். இதுவே விதி.

இவ்விடத்து 'அல்லது' என்னும் சொல்லையும் அறிந்து கொள்வோம். உணவகத்தில் 'ஈரானித் தேநீர் அல்லது காபி' என்றால் இரண்டில் ஒன்றே கிடைக்கும். கணிதத்தின் 'அல்லது' அத்தகையதன்று; இரண்டும் மெய்யாயினும் அக்கூற்று மெய்யே.

விதியை நம்பி ஏற்க வேண்டுவதில்லை, தாமே சோதிக்கலாம். ஓர் அலுவலுக்குப் பட்டமும் வேண்டும், ஈராண்டுப் பழக்கமும் வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். விண்ணப்பிப்போர் நால்வகையினர்: இரண்டும் உடையவர், பட்டம் மட்டும் உடையவர், பழக்கம் மட்டும் உடையவர், இரண்டும் இல்லாதவர். தகுதி முதல்வகையினர்க்கே உண்டு. 'பட்டம் இல்லை, அல்லது பழக்கம் இல்லை' என்னும் கூற்று எஞ்சிய மூவகையினர்க்கும் பொருந்தும். 'இரண்டுமே இல்லை' என்பதோ நான்காம் வகையினர்க்கு மட்டுமே பொருந்தும். இந்நான்கு வரிகளை எழுதிப் பார்ப்பதே மெய்யட்டவணை. கூற்றுக்கள் மூன்றானால் வரிகள் 8, நான்கானால் 16.

'எல்லாரும் வரவில்லை' என்னும் வாக்கியத்தையும் நோக்குங்கள். ஒருவர் கூட வரவில்லை என்று ஒருவர் கொள்வார். வந்தவர் சிலர், வராதவர் சிலர் என்று மற்றொருவர் கொள்வார். 'எல்லாரும் வந்தனர்' என்பதன் சரியான மறுப்பு, 'வராதவர் ஒருவரேனும் உளர்' என்பதாகும். நூறு பேர் கூடிய அவையில் வராத ஒருவரைக் காட்டினாற் போதும். பேச்சில் இவ்வாறு மயக்கம் நேரும் இடத்திலேதான் குறியீட்டின் பயன் விளங்குகின்றது.

இவ்விதி ஏட்டோடு நிற்கவில்லை. மின்சுற்றின் இணைப்பையும் துண்டிப்பையும் மெய், பொய் எனக் கொண்டு பூலின் கணக்கால் ஆராயலாம் என்று 1937இல் அமெரிக்க மாணவர் கிளாடு ஷானன் தம் ஆய்வேட்டிற் காட்டினார். கணிப்பொறியினுள் 'நேண்ட்' என்றொரு மின்வாயில் உண்டு. வரும் குறிகள் இரண்டும் மெய்யானால் மட்டும் அது பொய் எனக் காட்டும். நாம் மேலே கண்ட சரியான மறுப்பு அதுவே. வேறெந்தத் தருக்க வாயிலையும் இவ்வொன்றைக் கொண்டே அமைத்து விடலாம். ஐதராபாத்தில் 1967இல் தொடங்கப்பெற்ற எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் என்னும் அரசு நிறுவனம், பின்னர் டி.டி.சி. வரிசைக் கணிப்பொறிகளை ஆக்கியது. அவற்றின் செயலுக்கும் அடிப்படை இத்தகைய தருக்கமே.

கற்கத் தொடங்குவோர் நாளுக்கு ஓர் அறிவிப்பையோ விதியையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள 'உம்', 'அல்லது', 'ஆனால்', 'எல்லாம்', 'சில' என்னும் சொற்களைக் கோடிடுங்கள். அக்கூற்று எப்போது பொய்யாகும் என்று தமிழில் எழுதுங்கள். பிறகு அட்டவணையிட்டுச் சரிபாருங்கள். குறிகளை அதன் பின்னர்க் கற்கலாம். பெற்றோரும் இப்பயிற்சியிற் பிள்ளைகளுடன் அமரலாம். இதற்குக் கணிதப் பட்டம் வேண்டுவதில்லை. வகுப்பில் எம்மொழியிற் பாடம் நடப்பினும், பொருளைத் தமிழிற் சோதித்தறிந்த பிள்ளைக்கு அப்பாடம் அயலாகத் தோன்றாது.