ஒலி மாறும் பருவம் – 11: தாத்தா எழுதிய கடிதங்கள்

பிளிங்க் 182 குழுவின் ‘எனிமா ஆஃப் தி ஸ்டேட்’ (1999) போன இதழோடு முடிந்தது. சுவராக எழுந்து நிற்கும் கிதார், ஒரு சொல்கூடத் தவறாமல் காதில் விழும் குரல், அசுர வேக டிரம்ஸ். இந்த மூன்றும் நினைவிருந்தால் போதும்.

2001-இல் வந்த அடுத்த ஆல்பமும் அதே வார்ப்புதான். பாடல்களைக் கேட்ட மேனேஜர், இதில் ஹிட் அடிக்கிற பாட்டு எதுவும் இல்லையே என்றிருக்கிறார். கோபத்தோடு வீட்டுக்குப் போன, குழுவின் மார்க் ஹாப்பஸ் ‘தி ராக் ஷோ’வை எழுதினார். டாம் டிலாங் ‘ஃபர்ஸ்ட் டேட்’டை எழுதினார். இரண்டுமே ஹிட். வித்தை அந்த அளவுக்குக் கைவந்துவிட்டது. கைவந்த வித்தையை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

2003-இல் சான் டியேகோ பக்கத்தில், ரான்ச்சோ சான்டா ஃபேயில் அடுத்த ஆல்பத்துக்காக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். அதே மூன்று பேர். தயாரிப்பாளரும் அதே ஜெரி ஃபின். ஆனால் இந்த முறை அவசரம் இல்லை. பாட்டுக்குப் பாட்டு டிரம்ஸின் ஒலியை மாற்றிப் பார்க்க நேரம் இருந்தது. அந்த ஆல்பத்தின் ‘ஐ மிஸ் யூ’வை ஹெட்போனில் கேளுங்கள். டிஸ்டார்ஷன் அறவே இல்லை. அக்கூஸ்டிக் கிதார், பியானோ, செல்லோ. ஹாப்பஸின் கையில் டபுள் பேஸ். டிரம்ஸை அடித்து நொறுக்கும் டிராவிஸ் பார்க்கர் குச்சிகளை வைத்துவிட்டு பிரஷ் எடுத்திருக்கிறார். தோலின் மேல் கம்பியிழைகள் உரசுவதுகூடக் கேட்கிறது. கிதார் சுவரை இறக்கியதால் கிடைத்த இடம் அது.

இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்டது அதே ஆல்பத்தின் இன்னொரு மூலை. ‘ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்’ பாட்டுக்கு முன்னால் ஒரு பெண் குரல் கடிதம் வாசிக்கிறது. வாசிப்பவர் ஆங்கிலேய நடிகை ஜோஆன் வாலி. கடிதங்கள் இரண்டாம் உலகப் போரின்போது ஹாப்பஸின் பாட்டிக்கு அவருடைய தாத்தா எழுதியவை! மேடையிலும் ஆல்பத்திலும் கொச்சை ஜோக்கடித்தே பெயர் வாங்கிய குழு இது. முந்தைய ஆல்பத்தில் அப்படி ஒரு குட்டிப் பாட்டே உண்டு. அந்தக் குழு குடும்பத்துக் கடிதங்களை எடுத்து வந்து, துளிக் கேலியும் இல்லாமல் வாசிக்க வைத்திருக்கிறது. எழுதியது ஆண், வாசிப்பது பெண் என்பதால், கடிதம் கிடைத்தவளே அதைத் திரும்பப் படித்துப் பார்ப்பதாகத்தான் எனக்குக் கேட்கிறது. அது முடிந்ததும் ‘ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்’ பழைய வேகத்தில் பாய்கிறது. அவர்கள் வேகத்தைக் கைவிட்டுவிடவில்லை. அதற்கு முன்னால் ஒரு நிதானத்தை வைக்கக் கற்றுக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், ஆல்பத்தின் பெரிய மாற்றம் இதுதான். ‘தி க்யூர்’ குழுவின் ராபர்ட் ஸ்மித் வந்து ‘ஆல் ஆஃப் திஸ்’ பாடியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது இதற்கு அடுத்தபடிதான்.

ஆல்பத்துக்கு அவர்கள் பெயர்கூட வைக்கவில்லை.

இந்த மாற்றத்தின் விதை 2001-இலேயே விழுந்துவிட்டது. டிலாங்கும் பார்க்கரும் ‘பாக்ஸ் கார் ரேசர்’ என்று தனியாக ஒரு குழு தொடங்கினார்கள். ஹாப்பஸ் அதில் இல்லை; அது அவரை மிகவும் புண்படுத்தியது. இந்த இதழுக்குச் சொல்லியிருந்த கதை அதுதான். கடிதங்கள் பக்கத்தை எடுத்துக்கொண்டதால், பாக்ஸ் கார் ரேசர் அடுத்த வாரம்.

(தொடரும்)