நான்கு மணி நேரத்திற்கு ஒரு நோட்டு

டயாலிசிஸ் இருக்கையில் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் கழிகிறது. அந்நேரத்தில் படம் வரையத் தொடங்கினார், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பணி செய்து ஓய்வுபெற்ற ஒருவர். மகள் வாங்கித் தந்த பள்ளி நோட்டில் நீர்வண்ணம் தீட்டினார். தாள் நெளிந்தது, வண்ணம் மறுபக்கம் ஊறியது. “கை போய்விட்டது, டாக்டர்” என்று நோட்டை மூடிவிட்டார். பரிசோதித்துப் பார்த்தோம், கையில் குறை ஏதும் இல்லை. குறை தாளில் இருந்தது.

ஒரு சதுர மீட்டர் தாளின் எடையைக் கிராமில் கூறுவதே ஜி.எஸ்.எம். என்னும் அளவு. பள்ளி நோட்டுத் தாள் பெரும்பாலும் 60 முதல் 70 வரை இருக்கும். பென்சிலுக்கு 120 போதும். நீர்வண்ணத்திற்கு 200-க்குக் குறையாமல் வாங்குங்கள். 300 எனில் நெளிவு மிகக் குறைவு. அட்டையில் இவ்வெண் அச்சிடப்படாத நோட்டைத் தவிர்ப்பது நல்லது. படங்கள் நெடுநாள் இருக்க வேண்டுமெனில் அமிலமற்ற தாள் தேவை. மற்றவை ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பேறும்.

பருத்தி இழைத் தாள் இவற்றினும் மேலானது. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் தொழிற்கூடம் அத்தகைய தாளை உருவாக்கி வருகிறது. எனினும் புதிதாகத் தொடங்குவோருக்கு அதனை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. விலையுயர்ந்த தாளில் முதல் கோடு போடவே கை அஞ்சும்.

தாளைப் போலவே கட்டும் முக்கியம். ஃபிஸ்டுலா பெரும்பாலும் எழுதாத கையில் அமைக்கப்படுகிறது. ஊசி இருக்கும்வரை அக்கையை அசைக்கலாகாது. பசையிட்டு ஒட்டிய நோட்டு ஒரு கைக்கு அடங்காமல் தானே மூடிக்கொள்ளும். சுருள்கம்பி இட்டது முழுவதும் மடங்கித் தட்டையாக நிற்கும். ஏ5 அளவும் தடித்த பின்னட்டையும் இருந்தால் மடியிலேயே வரையலாம். இடக்கைப் பழக்கமுள்ளோருக்குக் கம்பி மேற்புறம் இருக்கட்டும். பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவர்க்கும் இவ்வமைப்பே ஏற்றது. 1925-இல் பேருந்து விபத்துக்குள்ளாகிப் படுக்கையிலிருந்த மெக்சிகோ ஓவியர் ஃபிரிடா காலோவுக்கு, படுத்தவாறே வரைய ஏற்ற சட்டம் ஒன்றைச் செய்வித்துத் தந்தவர் அவருடைய தாயார்.

இயந்திரத்தின் அருகே திறந்த குவளையில் நீர் வேண்டா. கைப்பிடிக்குள்ளேயே நீர் நிரப்பும் தூரிகை கடைகளில் கிடைக்கிறது. நீர்க்கட்டுப்பாட்டில் தாகத்தோடு இருப்பவர் கண்ணெதிரே ஒரு குவளை நீரை வைப்பது கருணையுமன்று. தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூர்மையாக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சில வண்ணங்களில் காட்மியம் உண்டு.

லேத் பணியாளர் இப்போது கம்பி நோட்டில், தம் இரத்தத்தைச் சுழற்றும் பம்பை வரைகிறார். வட்டம் சரியாக அமையவில்லை என்று எங்களிடம் நாள்தோறும் முறையிடுகிறார்.