கந்தகத்தை உருக்கணும், கொளுத்தக் கூடாது



ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரத்தில் பசுமைக்குடில் போட்டவர்கள் நிறைய பேர். ரோஜாவும் குடைமிளகாயும்தான் அதிகம். நானும் கடனை வாங்கி 25 சென்ட்டில் ஒரு குடில் போட்டு, ரசாயனம் இல்லாமல் வெள்ளரி பண்ணிக்கொண்டிருக்கிறேன். குடிலுக்குள் இயற்கை வழியில் பயிர் செய்கிறவனுக்குப் பெரிய தலைவலி எது என்று கேட்டால், சாம்பல் நோய் என்றுதான் சொல்வேன். அதற்குக் கந்தக ஆவி நல்ல மருந்து. ஆனால் முறை தெரியாமல் கையில் எடுத்தால் செடியும் போகும், ஆளுக்கும் ஆபத்து வரும். போன தை மாதம் நான் முறை தெரியாமல்தான் எடுத்தேன். இன்னொருத்தர் அதே தப்பைச் செய்யக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

வெள்ளரி நட்டு 30 நாள் இருக்கும். கீழ் இலைகளில் மாவைத் தெளித்த மாதிரி வெள்ளை வட்டங்கள் வந்தன. ஒரே வாரத்தில் நடு இலை வரைக்கும் ஏறிவிட்டது. "கந்தகத்தை ஆவியா விடுங்க, நின்னுடும்" என்று சந்தையில் ஒருவர் சொன்னார். எப்படி விடுவது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டில் சாம்பிராணி போடுகிற மாதிரிதானே என்று நினைத்துக்கொண்டேன். மண்சட்டியில் அடுப்புக்கரியைக் கனலாக்கி, மேலே ஒரு கைப்பிடி கந்தகத் தூளைப் போட்டு, பக்கத் திரைகளை இறக்கிவிட்டு வந்துவிட்டேன். வெளியே வரும்போது சட்டியில் நீலமாகச் சுடர் தெரிந்தது. நல்லாப் பிடிச்சுக்கிச்சு என்று சந்தோஷம்தான் பட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, எங்களிடம் வேலைக்கு வருகிற அக்கா எனக்கு முன்னாடியே வந்து கதவைத் திறந்து உள்ளே போயிருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது வரப்பில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்து நீர் வழிந்தது. "உள்ள என்ன தம்பி வச்ச? மூச்சே அடைக்குது" என்றார். அவருக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. வண்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆவி மருந்து வைத்தார்கள், மத்தியானத்துக்குள் தேறிவிட்டார். அவர் இன்னும் பத்து நிமிஷம் உள்ளே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

திரும்பி வந்து குடிலைப் பார்த்தேன். சட்டி இருந்த இடத்தைச் சுற்றி மூன்று வரிசை வெள்ளரி போய்விட்டது. இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவெல்லாம் வெளுத்துக் காகிதம் மாதிரி ஆகியிருந்தது.

புகை வேறு, ஆவி வேறு

ஓசூர் பக்கம் ரோஜாக் குடிலில் பல வருஷம் வேலை பார்த்த தம்பி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அண்ணா, நாங்க கந்தகத்தை எரிக்கிறதே இல்லை. உருக்கி வைப்போம், அவ்வளவுதான்" என்றார். விஷயம் முழுக்க இந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

கந்தகம் சுமார் 115 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய கந்தகத்தை அந்தச் சூட்டிலேயே வைத்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். அந்த ஆவி மேலே போய், குளிர்ந்த காற்றில் பட்டு, கண்ணுக்குத் தெரியாத பொடியாக இலையின் இரண்டு பக்கமும் படியும். இது கந்தகமேதான், வேறு பொருளாக மாறவில்லை. நோயைத் தடுப்பது இதுதான்.

சூடு 230, 250 டிகிரியைத் தாண்டினால் கந்தகம் நீலச் சுடரோடு தீப்பற்றிக்கொள்ளும். அப்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக டை ஆக்சைடு என்ற வாயுவாக மாறிவிடும். சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றை வெளுக்க வைப்பதற்கு விடுகிறார்களே, அதே வாயு. அது இலைத் துளை வழியாக உள்ளே போய், ஈரத்தில் கரைந்து அமிலமாகும். பச்சையம் வெளுத்துவிடும். நம் மூச்சுக்குழாயின் ஈரத்திலும் இதேதான் நடக்கும். இளைப்பு உள்ளவர்களுக்கு மூச்சுக்குழல் உடனே சுருங்கிப்போகும்.

கரிக்கனலின் சூடு பல நூறு டிகிரி. அதன் மேல் போட்ட கந்தகம் எரியாமல் என்ன செய்யும்? நான் மருந்து போட்டதாக நினைத்தேன், போட்டது விஷவாயு. செடி எதுவும் இல்லாத காலிக் குடிலைச் சுத்தம் செய்ய அந்தக் காலத்தில் கந்தகத்தை எரிப்பது உண்டு. பயிர் நிற்கும் இடத்தில் அது கூடவே கூடாது.

குடிலுக்குள் இந்த நோய் ஏன் வருகிறது?

பூஞ்சை நோய் என்றால் மழையில், ஈரத்தில் வரும் என்றுதான் நமக்குப் பழக்கம். அடிச்சாம்பல் நோய் அப்படித்தான், அதற்கு இலையில் தண்ணீர் நிற்கணும். சாம்பல் நோய் அதற்கு நேர்மாறு. இதன் வித்து முளைக்க இலையில் தண்ணீர்த் துளி தேவையில்லை, காற்றில் ஈரப்பதம் இருந்தால் போதும். இலையில் தண்ணீர் நின்றால் வித்து கெட்டுக்கூடப் போகும். திறந்த வெளியில் மழை வந்து கழுவிவிடும், குடிலுக்குள் மழை ஏது? இரவில் திரையை இறக்கினதும் உள்ளே புழுக்கம், பகலில் மிதமான சூடு, அடர்ந்த இலை, நிழல். 20 முதல் 27 டிகிரி வரை இந்த நோய்க்குக் கொண்டாட்டம்.

இந்தப் பூஞ்சை உயிருள்ள இலையில்தான் வாழும். வெள்ளரியில் இலைக்கு மேலேயே படர்ந்து, சின்ன உறிஞ்சிகளை மட்டும் தோல் செல்லுக்குள் இறக்கிச் சாறு குடிக்கும். உடம்பு வெளியே கிடப்பதால்தான் கந்தகப் பொடி அதன் மேல் பட்டு வேலை செய்கிறது. கந்தகம் உள்ளே போய் அதன் சுவாசத்தை நிறுத்திவிடும். குடைமிளகாயில் வரும் சாம்பல் நோய் வேறு ரகம். அது இலைக்குள்ளேயே வளரும். மேலே மஞ்சள் திட்டு தெரியும், இலையைத் திருப்பினால் வெள்ளையாக இருக்கும். உள்ளே போய்விட்ட பூஞ்சையைக் கந்தகம் தொட முடியாது. அதனால் குடைமிளகாய்க்காரர்கள் நோய் தெரிவதற்கு முன்பே தொடங்கணும். எந்தப் பயிராக இருந்தாலும் கந்தகம் வருமுன் காக்கும் மருந்து. இலை முழுக்க வெள்ளையான பிறகு அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம்.

பழைய வைத்தியம்தான்

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1845-இல் இங்கிலாந்தின் மார்கேட் ஊரில் எட்வர்ட் டக்கர் என்ற தோட்டக்காரர், கண்ணாடிக் குடிலில் வளர்த்த திராட்சையில் இந்தச் சாம்பலைப் பார்த்தார். கந்தகமும் சுண்ணாம்பும் கலந்து அதைக் கட்டுப்படுத்தினார். பிறகு அந்த நோய் பிரான்சுக்குப் பரவித் திராட்சைத் தோட்டங்களை நாசமாக்கியது. அங்கேயும் கைகொடுத்தது கந்தகம்தான். குளிர்நாட்டுக் கண்ணாடிக் குடில்களைச் சூடாக்கச் சுடுநீர்க் குழாய் ஓடும். அந்தக் குழாய் மேல் கந்தகக் குழம்பைப் பூசிவிடுவார்கள், சூட்டில் அது மெதுவாக ஆவியாகிக் குடில் முழுக்கப் பரவும். இப்போது அந்தக் குழாயின் வேலையை மின்சாரக் கிண்ணம் செய்கிறது.

நான் இப்போது செய்யும் முறை

கந்தக ஆவிக் கருவி என்பது பெரிய மெஷின் ஒன்றும் இல்லை. கீழே சூடேற்றும் கம்பிச்சுருள், மேலே ஒரு அலுமினியக் கிண்ணம். கந்தகம் தீப்பற்றாத அளவுக்குச் சூட்டைக் கட்டுப்படுத்தித் தயாரித்திருப்பார்கள். வீட்டு மின்னடுப்பிலோ கரியடுப்பிலோ இதைச் செய்துபார்க்காதீர்கள்.

100 சதுர மீட்டருக்கு, அதாவது இரண்டரை சென்ட்டுக்கு ஒரு கிண்ணம் என்று கணக்கு. என் 25 சென்ட்டுக்குப் பத்து. ஒவ்வொன்றும் 100 வாட் என்றால் மூன்று மணி நேரம் ஓட மூன்று யூனிட் கரண்ட் ஆகும். செடிக்கு மேலே தொங்கவிடணும், ஆனால் பாலித்தீன் கூரைக்கும் திரைக்கும் மூன்றடியாவது தள்ளி இருக்கணும். கந்தகம் அதிகம் பட்டால், வெயிலைத் தாங்கப் பாலித்தீனில் சேர்த்திருக்கும் பொருள் செயலிழந்துவிடும். ஷீட் சீக்கிரம் நொறுங்கும். பல கம்பெனிகள் அந்தக் காரணத்தைச் சொல்லியே உத்தரவாதத்தைக் கை கழுவிவிடும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சுத்தமான கந்தகம் மட்டும் போடணும். தண்ணீரில் கரைத்துத் தெளிக்கிற நனையும் கந்தகத் தூளில் வேறு பொருள்களும் கலந்திருக்கும், கிண்ணத்துக்கு ஆகாது. பாதிக் கிண்ணத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம். உருகிய கந்தகம் தேன் நிறத்தில் இளகலாக இருந்தால் சரியான சூடு. கருஞ்சிவப்பாகிப் பாகு மாதிரி இறுகினால் 160 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கருவியை நிறுத்திப் பார்க்கணும். பக்கத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும். தீப்பற்றினால் கரண்டை நிறுத்திவிட்டு மணலைப் போட்டு மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஆள் எல்லாம் வெளியேறிய பிறகு, இருட்டினதும் திரையை இறக்கி, மூன்று மணி நேரத்துக்கு டைமர் வைக்கிறேன். நம் குடில்களில் கூரைத் திறப்பு வலை போட்டு நிரந்தரமாகத் திறந்தே இருக்கும். காற்று அடிக்கிற இரவில் ஆவி எல்லாம் வெளியே போய்விடும், அதனால் காற்று அடங்கின நாளாகப் பார்க்கணும். நோய் வரும் பருவத்தில் வாரம் இரண்டு இரவு. பறிப்புக்கு முந்தின இரவு வைப்பதில்லை. காயைக் கழுவித்தான் பெட்டியில் அடுக்குகிறோம்.

கவனிக்க வேண்டியவை

வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரம் கந்தகம் பக்கமே போகாதீர்கள். எண்ணெயும் கந்தகமும் சேர்ந்தால் இலை கருகும். நம்மைப் போன்ற இயற்கை விவசாயிகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறோம், ஏனென்றால் வேப்பெண்ணெய் நம் கையில் எப்போதும் இருக்கும்.

வெயில் 32 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் கந்தகம் வேண்டாம். வெள்ளரி, பூசணி, முலாம் இனங்களில் சில ரகங்களுக்குக் கந்தகமே ஒத்துக்கொள்ளாது. முதலில் ஒரு மூலையில் ஒரே கிண்ணம் வைத்து, இரண்டு மூன்று நாள் இலையைப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

கந்தகம் மண்ணிலிருந்து வருகிற தாதுதான். இயற்கை வேளாண் சான்றிதழ் விதிகளிலும் கட்டுப்பாட்டோடு அதற்கு இடம் உண்டு. அதற்காக அதைச் சாதுவான பொருள் என்று நினைக்க வேண்டாம். நன்மை செய்யும் சிலந்திப்பேன்களும் ஒட்டுண்ணிக் குளவிகளும் அதில் அடிபடும். அதனால் முதல் வைத்தியம் காற்றோட்டம். நான் இந்தப் போகத்தில் செடிக்குச் செடி இடைவெளியைக் கூட்டினேன். நோய் பட்ட கீழ் இலைகளைக் கிள்ளிச் சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோய்ப் புதைக்கிறேன். தழைச்சத்து அதிகமானால் இலை கொழுத்து நோயை அழைக்கும் என்பதால் மீன் அமிலத்தைக் குறைத்துக்கொண்டேன். கந்தகம் வைக்கும் இரவுகள் தானாகவே குறைந்தன.

வீட்டுக்குள் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு

வீட்டு வராந்தாவில், அறைக்குள் வைத்திருக்கும் ரோஜா, துளிர் விடும் பூச்செடிகளில் சாம்பல் வருகிறது, இதை வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். மனிதர் தூங்கும் கூரைக்குக் கீழே கந்தக ஆவி கூடாது. ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, வாரம் ஒரு முறை காலையில் இலையின் இரு பக்கமும் தெளியுங்கள். பிரேசில் நாட்டு விஞ்ஞானி வாக்னர் பெட்டியோல் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், குடிலுக்குள் வளர்த்த சீமைச் சுரை வகையில் பத்து சதவீதமும் அதற்கு மேலும் கலந்த பால் நல்ல பலன் தந்தது. நம் ஊரில் புளித்த மோரை வைத்து இதையே செய்கிறோம். தொட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்கு, காற்றுக்கு நகர்த்தி வைத்தாலே பாதி நோய் போய்விடும்.

கடைசியாக ஒன்று. அந்த அக்கா இன்றைக்கும் எங்களிடம்தான் வேலை பார்க்கிறார். கந்தகம் வைத்த இரவில் குடில் கதவைப் பூட்டி, அதில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுவேன். காலையில் நான் முதலில் வந்து வெளியில் இருந்தே திரைகளை ஏற்றி, இரண்டு மணி நேரம் காற்றாட விட்டு, பிறகுதான் துணியை அவிழ்ப்பேன். துணி இருந்தால் அவர் வாசலைத் தாண்ட மாட்டார், மற்றவர்களையும் தாண்ட விடமாட்டார். கருவி வாங்குகிற அன்றைக்கே நீங்களும் ஒரு சிவப்புத் துணியை எடுத்து வையுங்கள்.