கேமராவுக்கு மட்டும் திறக்கும் கதவு

மினிடிவி கேசட்டில் கிடக்கும் பழைய கல்யாண வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமென்றால் இன்றைக்கும் ஃபயர்வயர் கேபிள்தான் கதி. லினக்ஸில் 'டிவிகிராப்' நிரலை ஓட்டினால் நாடாவில் உள்ளது அப்படியே, தரம் குறையாமல் இறங்கும்; ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. சில சமயம் படத்துக்குப் பதிலாக 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற வரிதான் வரும். கேபிளும் நன்றாக இருக்கும், கேமராவும் நன்றாக இருக்கும்.

லினக்ஸில் பெரும்பாலான சாதனங்கள் 'டெவ்' என்ற அடைவில் கோப்புகளாகத் தெரியும். பழைய நாட்களில் ஃபயர்வயர் முழுவதற்கும் 'ரா1394' என்ற ஒரே கோப்பு. அதைத் திறந்தவர் கேமராவோடு மட்டுமல்ல, அதே இணைப்பில் மாட்டியிருக்கும் ஹார்டு டிஸ்கோடும் நேரடியாகப் பேசலாம். ஓர் அறைக்குச் சாவி கேட்டவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தையே நீட்டுவது போல. அதனால் அது பெரும்பாலும் ரூட் என்னும் நிர்வாகிக் கணக்கின் கையிலேயே இருந்தது. எரிச்சலூட்டினாலும் நியாயமான கெடுபிடிதான்.

2007-இல் வந்த 2.6.22 கெர்னலில் புது இயக்கிகள் சேர்ந்தன. ஒவ்வொரு சாதனத்துக்கும் எஃப்டபிள்யூ0, எஃப்டபிள்யூ1 என்று தனிக் கோப்பு. (பூஜ்யம் பெரும்பாலும் கம்ப்யூட்டரின் சொந்த கார்டு, அதைக் கேமரா என்று நினைத்துக் குழம்புவோர் உண்டு.) ஒவ்வொரு சாதனத்தின் உள்ளேயும் 'நான் இன்ன வகை' என்று சொல்லும் சிறு நினைவகம் இருக்கிறது. கெர்னல் அதைப் படிக்க, சாதனக் கோப்புகளின் அனுமதிகளைக் கவனிக்கும் 'யூடெவ்' தன் விதிகளோடு ஒப்பிடுகிறது. வீடியோ சாதனம் என்றால் கோப்பு 'வீடியோ' குழுவுக்குப் போகும். ஹார்டு டிஸ்க் ரூட்டிடமே நிற்கும்.

இப்போதைய லினக்ஸ்களில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து லாகின் செய்தவருக்கு அனுமதி தானாகவே கிடைக்கும். கோப்புப் பட்டியலில் அனுமதி எழுத்துகளின் கடைசியில் ஒரு கூட்டல் குறி தெரிந்தால் அதுதான் அடையாளம். வேறு கம்ப்யூட்டரிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைபவருக்கு இந்தச் சலுகை இல்லை. அவர் பெயரை வீடியோ குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழையச் சொல்ல வேண்டும்.

'சிஎச்மாட் 666' போட்டு எல்லோருக்கும் திறந்துவிடுவது வீண் வேலை. கேமராவை அணைத்துப் போட்டால் கோப்பு புதிதாக உருவாகும், யூடெவ் மறுபடி தன் விதிப்படி அனுமதி தரும், போட்டது போய்விடும். சூடோ போட்டு ஓட்டினால் படம் இறங்கும்தான். ஆனால் கோப்புகள் எல்லாம் ரூட் பெயரில் விழுந்திருக்கும், எடிட் செய்து சேமிக்கப் போகும்போது மறுபடியும் அதே மறுப்பு.