உதைபந்தாட்டப் பலகையும் தமிழெழுத்தின் புள்ளியும்

கல்லூரிக் குழு வென்றால் அது வீரர்தம் திறமை என்பதும், தோற்றால் அது நடுவரின் பிழை என்பதும் உதைபந்தாட்ட இரசிகரின் நீண்ட நாள் வழக்கு. அத்தகைய இரசிகர் தம் வீட்டு விறாந்தைச் சுவரிலே கல்லூரியின் பெயரும் பந்தின் உருவமும் அமைந்த பலகையொன்றைத் தொங்கவிட விரும்புவதில் வியப்பில்லை. அச்சிட்ட பிளாஸ்திக்குப் பலகைகள் இன்று கடைகளிற் கிடைக்கின்றன. எனினும் மரத்தை மெல்லிய வாளால் அறுத்துத் தம் கையாற் செய்யும் பலகைக்குரிய மதிப்பு வேறு. விழா மலரைப் படிக்கும் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் தாமே செய்து பார்த்தற்பொருட்டு அம்முறையை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

தச்சுவேலையைப் பற்றித் தமிழாசிரியர் எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. இவ்வேலையில் ஈடுபடும் மாணவர் பலர் கல்லூரியின் பெயரை ஆங்கிலப் பேரெழுத்துக்களில் அறுக்கவே விரும்புகின்றனர். "தமிழ் எழுத்து மரத்தில் நில்லாது ஐயா, துண்டு துண்டாக விழுந்துவிடும்" என்பது அவர்கள் கூறும் நியாயம். விழும் என்பது மெய்யே. ஆதலால் தமிழ் ஆகாது என்பதை மட்டும் யாம் ஒப்புக்கொள்ளோம். எழுத்து ஏன் விழுகின்றது, அதனை எவ்வாறு நிறுத்தலாம் என்பன அறிந்தோர்க்கு இது பெரிய இடர் அன்று.

முதலிற் கருவியைப் பற்றிச் சிறிது கூறுவோம். வில்லைப்போல் வளைந்த இரும்புச் சட்டத்தின் இரு முனைக்கும் இடையே நூல் போன்ற மெல்லிய அலகொன்று பூட்டப்பட்டிருக்கும். இதனைப் பட்டறைகளிற் பிரெற்சோ என்பர். அலகின் பற்கள் கைப்பிடியை நோக்கிக் கீழ்முகமாக இருத்தல் வேண்டும். வாள் கீழே இழுபடும்போதுதான் மரம் அறுபடும். மாறிப் பூட்டினாற் பலகை துள்ளும், அலகு முறியும். மின்சாரத்தால் இயங்கும் ஸ்குறோல் சோ இயந்திரத்திலோ அலகு நின்ற இடத்திலேயே மேலுங் கீழும் ஓடும். நாம் பலகையை நகர்த்துகின்றோம். வேலையின் இலக்கணம் இரண்டிற்கும் ஒன்றே. பிரான்சு தேசத்து அரசன் பதினான்காம் லூயியின் தச்சராயிருந்த ஆந்திரே சார்ள் பூல் (1642–1732) என்பார் பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டையும் இத்தகைய நுண்ணிய அறுப்பினால் இழைத்துப் பெரும் புகழ் பெற்றார். 1895இல் இங்கிலாந்தில் ஹொபீஸ் என்னும் வார இதழ் தோன்றி, வீட்டுக்கு வீடு இவ்வேலையைப் பரப்பிற்று.

மரத்திற்கு நாம் தொலைவிற் போகவேண்டியதில்லை. தெல்தோட்டையைச் சூழ்ந்தது தேயிலை நாடு. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டம் நமக்கு அணித்தே உள்ளது. அத்தேயிலை கப்பலேறிய காலத்து அதனைச் சுமந்தவை ஒட்டுப்பலகைப் பெட்டிகள். இப்பொழுது கடதாசிப் பைகள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தேயிலைப் பெட்டியின் பலகையைத் தேடிப் பிடித்து அறுத்த காலம் மூத்த பழைய மாணவர் சிலருக்கு நினைவிருக்கலாம். அப்பலகை இவ்வேலைக்கு ஏற்றதாயிருந்தமைக்குக் காரணம் அதன் அமைப்பேயாம். ஒட்டுப்பலகையில் ஒரு படையின் நார் நெடுக்காகவும் அடுத்த படையின் நார் குறுக்காகவும் ஓடும். ஆதலின் எப்பக்கம் மெலிந்தாலும் மற்றைப் படை தாங்கிக்கொள்ளும். தனிமரமோ நாரின் வழியே எளிதிற் பிளந்துவிடும். எனவே எழுத்துக்களுக்கு 6 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையும், பின்னால் வைக்கும் தளத்திற்கு 12 மில்லிமீற்றர்ப் பலாப்பலகையும் கொள்க என்போம். பலா அறுத்த புதிதில் மஞ்சளாயிருந்து நாட்செல்லச் செம்பழுப்பாகும். அதன்மேல் வெளிறிய எழுத்து நன்கு விளங்கும். பலாப்பலகை நன்கு உலர்ந்ததாயிருத்தல் அவசியம்.

இனிப் பந்து. இன்று பந்தென்றவுடன் யாவர் மனத்திலும் தோன்றுவது கறுப்பு ஐங்கோணங்களும் வெள்ளை அறுகோணங்களும் கொண்ட பந்தே. 1970இல் மெக்சிக்கோவில் நிகழ்ந்த உலகக் கிண்ணப் போட்டியில் ஆடப்பெற்ற டெல்ஸ்டார் என்னும் பந்து அவ்வுருவத்தை உலகறியச் செய்தது. 12 ஐங்கோணம், 20 அறுகோணம், ஆக 32 துண்டுகள். படத்தில் நடுவே ஓர் ஐங்கோணத்தையும், அதனைச் சூழ ஐந்து அறுகோணங்களையும், விளிம்பருகே சாய்ந்து குறுகிய ஐந்து ஐங்கோணங்களையும் வரைந்தால் பந்து தோன்றிவிடும். ஐங்கோணங்களை வெட்டி எடுத்துத் துவாரமாக்கலாம். ஆனால் அறுகோணங்களுக்கிடையே உள்ள தையற் கோடுகளையும் முழுவதும் அறுத்தலாகாது. அக்கோடு ஒவ்வொன்றும் ஓர் ஐங்கோணத்தின் மூலையிலிருந்து மற்றோர் ஐங்கோணத்தின் மூலைக்குச் செல்வது. அவற்றை அறுத்தால் ஒவ்வோர் அறுகோணமும் வெளிப்பக்கத்து ஒரு விளிம்பினால் மாத்திரம் தொங்கி நிற்கும்; அவ்விளிம்பையும் அறுத்தால் பந்து நிலத்திற் கொட்டிவிடும். ஆகையால் தையலை இருமுனையிலுஞ் சிறிது அறுத்து நடுவிலே மரத்தை விட்டுவிடுக. அல்லது சூட்டுக்கோலாற் கோடிடுக.

பந்திற் கற்ற இப்பாடமே எழுத்துக்கும் உரியது. வெட்டும்போது நாற்புறமும் தொடர்பற்ற துண்டு எதுவோ அது விழும். ஆங்கிலப் பேரெழுத்துக்களிற் பெரும்பாலானவை நேர்கோடுகள். உள்ளே மூடிய கண் உடையவை சிலவே. தமிழெழுத்தோ வளைந்து சுழித்துத் தன்னைத் தானே தொட்டுக்கொள்ளும் இயல்பினது. க, த, ல, ம என்பவற்றைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் மூடிய கண் உண்டு. ஒற்றைக் கொம்பிலும் இரட்டைக் கொம்பிலும் உண்டு. ட, ப, ர என்பன திறந்த எழுத்துக்கள், தச்சருக்கு நண்பர்கள். 'தெல்தோட்டை' என்னும் பெயரில் கொம்பும் சுழியும் புள்ளியும் ஒருங்கே வருதலின், இப்பெயரை அறுத்துத் தேர்ந்தவர் எப்பெயரையும் அறுப்பர்.

எழுத்தைத் துவாரமாக வெட்டுவது ஒரு முறை. இதில் புள்ளி வெறும் துளையே. துறப்பணத்தால் ஒருமுறை துளைத்தால் முடிந்தது. விழுவது சுழியின் கண். அக்கண்ணைச் சூழ்ந்த பலகையோடு இணைக்க 3 மில்லிமீற்றர் அகலமுள்ள பாலமொன்றை எழுத்தின் கோட்டிற்குக் குறுக்கே விடவேண்டும். பேனாவால் எழுதுகையில் கோடு மெலியும் இடம் எதுவோ அங்கே பாலத்தை அமைத்தாற் கண்ணுக்கு உறுத்தாது.

எழுத்தை நிறுத்திச் சூழ்ந்த மரத்தை வெட்டி அகற்றுவது மற்றொரு முறை. இதிற் சுழியின் கண் தொல்லையில்லை, தொல்லை புள்ளிக்கே. தேவநாகரி எழுத்துக்களுக்குத் தலைமேல் ஒரு கோடு உண்டு; சொல் முழுவதும் அதிற் கோத்த மாலை போலத் தொங்கும். தமிழ் எழுத்துக்கள் தனித்து நிற்பவை. ஆதலின் மேலும் கீழும் இரு சட்டங்கள் வைத்து எழுத்துக்களை அவற்றோடு தொடுத்தல் வேண்டும். புள்ளியை மேற்சட்டத்தினின்றும் துளி விழுவதுபோலத் தொங்கவிடலாம். இங்கே ஒரு செய்தி. 1978இல் தமிழ்நாட்டு அரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் லை, னை முதலியவற்றின் ஐகாரக் குறி துதிக்கை போல எழுத்தோடு ஒட்டியிருந்தது. 'மலை' என்னுஞ் சொல்லில் லை அன்று ஒரே துண்டு, இன்று இரண்டு. அச்சுக்கோப்பவர்க்கு எளிதானது அறுப்பவர்க்கு எளிதாகவில்லை. மரத்தில் மட்டும் பழைய வடிவை ஆள்வதை யாம் குறை கூறோம்.

புள்ளியை விட்டுவிட்டால் என்ன என்று கேட்பாரும் உளர். இக்கேள்வி புதிதன்று. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் விதித்த இலக்கணம். ஆயினும் ஏட்டில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எழுத்தாணியின் கூர் ஓலையைத் துளைத்துவிடும் என்னும் அச்சமே காரணம் என்பர். அதனால் வந்த இடரைச் சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901), உ. வே. சாமிநாதையர் (1855–1942) போன்ற பதிப்பாசிரியர்கள் பட்டனர். மெய்யா உயிர்மெய்யா என்பதைப் பொருள் நோக்கியே துணியவேண்டியிருந்தது. ஓலைக்கு ஒரு நியாயம் உண்டு, மரத்திற்கு இல்லை. கல்லூரியின் பலகையிலே 'கல்வி' என்னுஞ் சொல்லின் புள்ளி விழுந்தால் எஞ்சி நிற்கும் சொல் யாது என்பதை வகுப்பறையில் விளக்க இயலாது. பழைய மாணவர் தாமே எண்ணிக் கொள்வாராக.

எழுத்து மிகுதலும் குறைதலும் பற்றி இன்னும் ஒன்று. 'இந்துக் கல்லூரி' என்பதில் இடையே வரும் ககர ஒற்றை விட்டால் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் மிச்சம் என மாணவர் கணக்கிடுவர். அதனை விடலாகாது. 'உதைபந்து' என்பதிலோ அவர்களே வேண்டாத பகர ஒற்றைச் செருகி 'உதைப்பந்து' என வரைகின்றனர். உதைத்த பந்து, உதைக்கின்ற பந்து, உதைக்கும் பந்து என முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை அது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. இங்கே இலக்கணம் அறிந்தவருக்கு அறுப்புவேலை குறைகின்றது.

மேற்கூறிய இரண்டினும் யாம் விரும்புவது மூன்றாவது முறையே. எழுத்துக்களைத் தனித்தனியே அறுத்துப் பலாப்பலகையின்மேற் பசையிட்டு ஒட்டுதல் அது. கண்ணுக்கும் பாலம் வேண்டா, எழுத்துக்குச் சட்டமும் வேண்டா. எழுத்துத் தன் முழு அழகோடு நிற்கும். ஆனால் மலைநாட்டுப் பனியிலும் ஈரத்திலும் பசை தளரும்போது முதலில் உதிர்வது சிறிய புள்ளியே. அதற்கு மருந்தைப் பழைய தச்சரிடம் கற்கலாம்.

கண்டிக்கு மேற்கே எம்பக்கைத் தேவாலயம் உள்ளது. கம்பளை இராசதானிக் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில், மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் ஆட்சியில் கதிர்காமக் கடவுளுக்கு எழுந்த கோயில் அது. அதன் முரசு மண்டபத்து மரத்தூண்களிற் பின்னிய அன்னங்களும், இருதலைப் புள்ளும், மற்போர் செய்வோரும், ஆடல் மகளிரும் செதுக்கப்பட்டிருத்தலைப் பலரும் கண்டு வியப்பர். யாம் மாணவரை மேலே நோக்குமாறு சொல்வோம். கூரையின் 26 கைமரங்கள் ஓரிடத்திற் கூடுகின்றன. அவை அனைத்தையும் பிணித்து நிற்பது மடொல் குருபாவ எனப்படும் ஒரே மரமுளை.

நம் புள்ளிக்கும் அம்முளையே வழி. புள்ளியை வெட்டி ஒட்டாதீர்கள். புள்ளி வரவேண்டிய இடத்திற் பலாப்பலகையை 6 மில்லிமீற்றர் அகலத்திற் துளைத்து, முற்றிய மூங்கிலை அவ்வளவுக்கு உருட்டிச் சீவிப் பசை தடவி உள்ளே இறுக்குக. எழுத்தின் தடிப்பளவு வெளியே நிற்க விட்டு மிகுதியை அறுத்துவிடுக. பின்னர் எழுத்தே பெயர்ந்தாலும் புள்ளி பெயராது.

அறுக்கும் முறை சில சொற்களில் அடங்கும். படத்தை முழு அளவிற் கடதாசியில் வரைந்து பலகையில் ஒட்டுக; கேடய வடிவமாயின் கடதாசியை இரண்டாக மடித்து ஒருபாதி வரைந்தால் இருபுறமும் ஒத்து வரும். உட்புறத் துவாரங்களுக்கு முதலிற் சிறு துளையிட்டு, அலகின் ஒரு முனையைக் கழற்றி அதனூடே செலுத்திப் பூட்டுக. உள்ளே உள்ளவற்றை முன்னும் வெளிவிளிம்பைப் பின்னும் அறுத்தால் இறுதிவரை கைக்குப் பிடி இருக்கும். மூலையிலே திரும்புகையில் வாளை முன்னே தள்ளாது நின்ற இடத்தில் ஓடவிட்டுப் பலகையைத் திருப்புக. இயந்திரத்தில் வேலை செய்வோர் கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குத் துணியும் அணிதல் வேண்டும். ஒட்டுப்பலகைத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. மண்கடதாசியால் தேய்க்கும்போது எழுத்தின் மூலைகளை மழுக்கிவிடாதிருக்க.

மெருகைப் பலகையின் முன்புறத்திற் பூசுவதுபோலவே பின்புறத்திலும் பூசுதல் வேண்டும். சுவர்ப்பக்கம் யார் பார்க்கப் போகின்றார் என விட்டுவிட்டால் அப்பக்கம் மட்டும் ஈரத்தை உறிஞ்சிப் பலகை வளைந்துவிடும். பூசுமுன் அப்பின்புறத்தில் அறுத்தவர் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதுக. மெருகின் கீழே எழுத்து அழியாது.